‘ஒப்பிடுக’ என்றால் இரண்டு பந்தி எழுதுகிற பிள்ளைகள்

மே 27, மாலை (கேட்டவர்: ஒட்டுசுட்டான் பக்கத்து ஆசிரியை ஒருவர்)

தரம் 9 விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தவணைப் பரீட்சையில் “தாவரக் கலத்தையும் விலங்குக் கலத்தையும் ஒப்பிடுக” என்று கேட்டிருந்தேன். வகுப்பில் பாதிக்கு மேல் தாவரக் கலத்துக்கு ஒரு பந்தி, விலங்குக் கலத்துக்கு ஒரு பந்தி எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ‘ஆனால்’ கூட இல்லை. மிச்சப் பேர் நான் கரும்பலகையில் போட்ட அட்டவணையை அப்படியே ஒப்புவித்திருக்கிறார்கள். நான் அட்டவணை போடாத ஒரு சோடியைக் கொடுத்தால் அவர்களும் முழிக்கிறார்கள். இது சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே வருகிற கெட்டித்தனம், படிப்பித்து வராது என்றே எனக்கு இப்போது தோன்றுகிறது. மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

மே 27, இரவு (பதில்: இன்னொரு விஞ்ஞான ஆசிரியர், கீழே வருபவையும் அவர் எழுதியவை)

கடைசி வரியோடு எனக்கு உடன்பாடில்லை ரீச்சர். உங்கள் வகுப்பில் வயல்கார வீட்டுப் பெடியன் ஒருவனைப் பிடித்து, சேற்று உழவுக்கு லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) நல்லதா பெரிய மெசின் (நாலுசக்கர உழவு இயந்திரம்) நல்லதா என்று கேளுங்கள். எது புதையும், எது எண்ணெய் குடிக்கும், வரம்பு மூலையில் எதைத் திருப்பலாம், எத்தனை ஏக்கர் என்றால் எது கட்டும் என்று மூச்சு விடாமல் சொல்வான். லான்ட்மாஸ்டரைப் பற்றி ஒரு பந்தி, மெசினைப் பற்றி ஒரு பந்தி என்று சொல்லவே மாட்டான். புதைவதை எடுத்தால் இரண்டுக்கும் புதைவதையே பேசுவான்.

வகுப்பில் அதே பெடியன் வாயடைத்துப் போகிறான் என்றால், எதை வைத்து ஒப்பிடுவது என்பதை அங்கே நாங்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டோம் என்பதுதான் காரணம். அவனுக்கு மிஞ்சுவது பாடமாக்குகிற வேலை மட்டும். ஒப்பீட்டில் மூளைக்கு வேலை தருகிற பகுதியை ஆசிரியர் செய்து முடித்துவிடுகிறார், கொப்பியில் இறக்குகிற பகுதி பிள்ளைக்கு.

மே 28

உங்கள் அட்டவணையைப் படம் எடுத்துப் போட்டதற்கு நன்றி. இடப்பக்கம் தாவரக் கலம், வலப்பக்கம் விலங்குக் கலம். நானும் பல காலம் இப்படித்தான் போட்டேன், யார்தான் போடவில்லை. இதில் இல்லாதது மூன்றாவது நிரல். இடப்பக்க ஓரத்தில் ‘அடிப்படை’ என்று ஒரு நிரல் போட்டு, அதை மட்டும் வெறுமையாக விட்டுப் பாருங்கள். மற்ற இரண்டையும் நீங்களே நிரப்பிக் கொடுத்தாலும் பரவாயில்லை. “கலச்சுவர் உண்டு / இல்லை” என்று இருக்கிற வரிக்கு முன்னால் என்ன எழுதுவது என்று பிள்ளை யோசிக்கட்டும். ‘வெளி எல்லை’ என்று எழுதுகிற பிள்ளைக்கு உடனே இன்னொரு கேள்வி வரும்: அப்படியென்றால் விலங்குக் கலத்துக்கு எல்லை என்ன? கலமென்சவ்வு. அது தாவரக் கலத்துக்கும் இருக்கிறதே, பிறகெதற்கு மேலே ஒரு சுவர்? நல்ல தண்ணீரில் போட்டால் விலங்குக் கலம் ஊதி வெடிக்கலாம், தாவரக் கலம் விறைத்து நிற்கும், சுவர் தாங்கும் என்பது அங்கேதான் பொருந்தி வருகிறது. ‘இல்லை’ என்ற ஒரு சொல் காரணத்தோடு பிள்ளையின் மண்டையில் ஏறுகிறது.

அடிப்படை இல்லாத அட்டவணை செய்கிற கெடுதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒளித்தொகுப்பையும் சுவாசத்தையும் எதிரெதிரே எழுதுவோம் அல்லவா? ஒன்று காபனீரொட்சைட்டை எடுக்கும், மற்றது வெளிவிடும். ஒன்றுக்கு ஒளி வேண்டும், மற்றதுக்கு வேண்டாம். வரிகள் எல்லாம் சரி. ஆனால் எதிரெதிர் என்ற தோற்றத்தைப் பார்த்த பிள்ளை இன்னொரு வரியைத் தானாகவே சேர்த்துக்கொள்கிறது: ஒளித்தொகுப்பு பகலில், சுவாசம் இரவில். விடைத்தாளில் நான் அதிகம் கண்ட பிழை இது. செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது. எதிர்ச்சொல் மாதிரி அடுக்கப்பட்ட அட்டவணையைப் பார்த்த பிள்ளைக்கு அது நம்பமுடியாத செய்தி.

நாடி, நாளம் என்ற இரண்டு குருதிக் குழாய்களின் கதையும் இதேதான். “நாடியில் ஒட்சிசன் கூடிய குருதி” என்று ஒரு வரியைப் பாடமாக்கிக்கொண்டு வருகிற பிள்ளை, ஒட்சிசன் குறைந்த குருதி ஓடுகிற சுவாசப்பை நாடியில் போய் முட்டிக்கொள்ளும். இதயத்திலிருந்து வெளியே போகிறதா, இதயத்துக்கு உள்ளே வருகிறதா என்பதுதான் அடிப்படை. ஒட்சிசன் அதோடு பெரும்பாலும் சேர்ந்து வருகிற ஒரு பக்கப்பாட்டு.

மே 30

“புள்ளித்திட்டத்தில் அடிப்படைக்குப் புள்ளி இல்லையே” என்று கேட்ட நண்பருக்கு: இல்லைதான். தவணைப் பரீட்சை வினாத்தாளை நாங்களே தயாரிக்கிற பள்ளிக்கூடங்களில் போடலாமே. வேற்றுமைக்கு ஒன்று, அதன் அடிப்படைக்கு ஒன்று. கல்வி வலயத்திலிருந்து வருகிற தாளுக்கு ஒன்றும் செய்ய இயலாது.

யூன் 2

இரண்டு நாளாக ஒரு விஷயம் மண்டைக்குள் ஓடுகிறது. மேலே வேற்றுமையைப் பற்றியே எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். முதலில் கேட்கவேண்டியது ஒற்றுமையை.

1990களில் கெண்ட்னர், மார்க்மன் என்ற இரண்டு உளவியலாளர் செய்த சோதனைகள் இருக்கின்றன. ஆட்களுக்குச் சொற்சோடிகளைக் கொடுத்து, குறிப்பிட்ட நேரத்துக்குள் வித்தியாசம் எழுதச் சொன்னார்கள். சில சோடிகள் ஹோட்டலும் மோட்டலும் போல நெருங்கியவை. சில சோடிகள் சஞ்சிகையும் பூனைக்குட்டியும் போல ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எதற்கு அதிக வித்தியாசம் எழுதியிருப்பார்கள்? சஞ்சிகைக்கும் பூனைக்குட்டிக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நெருங்கிய சோடிக்குத்தான் எழுதினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து உறுப்புக்கு உறுப்பு பொருத்த முடிந்தால்தான், பொருந்துகிற இடத்தில் எது மாறுகிறது என்பது கண்ணில் படும். பொருத்தவே முடியாத இரண்டில் வித்தியாசம் என்று சொல்லப் பிடி கிடைக்காது.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, தமிழ் பாடம் ஞாபகம் வந்தது. ஆள் பற்றாக்குறையில் ஒரு வருடம் தமிழும் என் தலையில் விழுந்தது, சிறிய பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்குப் புரியும். வேற்றுமையணிக்கு இலக்கணம் என்ன? இரண்டு பொருளுக்கு முதலில் ஒப்புமை தோன்றவேண்டும், பிறகு வேறுபாடு சொல்லவேண்டும். எல்லாரும் காட்டுகிற உதாரணம் 129ஆம் குறள். தீயும் சுடும், நாவும் சுடும். அதுவரை ஒன்று. தீச்சுட்ட புண் ஆறும், நாச்சுட்ட வடு ஆறாது. சுடுதல் என்ற பொது இல்லாவிட்டால் ஆறாமை என்ற வேறுபாட்டுக்கு நிற்க இடமே இல்லை. தண்டியலங்காரம் எழுதியவருக்குத் தெரிந்ததை நாங்கள் தமிழ் பாடவேளையில் சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த பாடவேளையில் விஞ்ஞானத்துக்குப் போய் “வேற்றுமை 5 எழுதுக” என்று நேரே இறங்கிவிடுகிறோம்.

ஆகவே ரீச்சர், கலத்துக்கு முதலில் ஒற்றுமையைக் கேளுங்கள். கரு, குழியவுரு, மென்சவ்வு, இழைமணி. இழைமணியை, கலத்தில் சுவாசம் நடக்கிற இடத்தை, முக்கியமாகக் கேளுங்கள். தாவரக் கலத்துக்கும் இழைமணி உண்டு என்று எழுதுகிற கை ‘சுவாசம் இரவில்’ என்று எழுதக் கொஞ்சம் தயங்கும்.

யூன் 2, பிந்தி

ஒன்றைச் சேர்க்கவேண்டும். நெருங்கிய சோடி என்றால் எல்லா இடத்திலும் சுலபமானது என்று பொருளில்லை. இழையுருப்பிரிவும் ஒடுக்கற்பிரிவும் (கலம் பிரிகிற இரண்டு விதங்கள்) நெருங்கியவைதான், எங்கள் பிள்ளைகளுக்கு அது குழப்பத்தின் உச்சம். முதல் முறை இரண்டையும் ஒரே நாளில் படிப்பிக்காதீர்கள். ஒன்று நிலத்தில் ஊன்றியபின் மற்றதைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துங்கள்.

யூன் 3

“ஒப்பிடல் கெட்ட பழக்கம், வீட்டில் எங்களை ஒப்பிட்டே கொன்றார்கள்” என்று எழுதிய தம்பிக்கு: சிரித்துவிட்டேன். “அவன்ரை மார்க்ஸைப் பார், நீயும் அதே சோறுதான் தின்னுறாய்” என்பதில் ஒற்றுமையும் (சோறு) வேற்றுமையும் (மார்க்ஸ்) இருக்கிறது, அடிப்படை மட்டும் கோளாறு. அம்மாமாருக்கும் ஒரு மூன்றாவது நிரல் கீறிக் கொடுக்கவேண்டியதுதான்.

யூன் 8

வகுப்பில் செய்த ஒன்றைக் கேட்டிருந்தீர்கள். இது தரம் 8, சூழலும் நீரும் பற்றிய பாடம். வழமையான சோடி ‘ஆறும் குளமும்’. அதை விட்டுவிட்டு இரணைமடுக் குளத்தையும், முல்லைத்தீவில் உள்ள நந்திக்கடல் களப்பையும் (கடலோரத்து உப்புநீர் ஏரி) எடுத்தேன். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் இரணைமடுவைப் பார்த்தவர்கள், சிலருக்கு அம்மம்மா வீடு முல்லைத்தீவுக் கரையில்.

முதல் சுற்றில் வந்தது எல்லாம் மேலோட்டம்தான். குளம் நல்ல தண்ணீர், களப்பு உப்பு. குளத்தில் ஜப்பான் மீன், களப்பில் இறால். குளம் ஆட்கள் கட்டியது, களப்பு தானாக வந்தது. வேற்றுமை எழுதச் சொன்னால் இது போதும், புள்ளியும் கிடைக்கும். நான் கரும்பலகையில் ஒரு பக்கம் மட்டும் எழுதினேன்: குளக்கட்டு, துருசு (வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கிற மதகு), வாய்க்கால், வான் (மிஞ்சிய தண்ணீர் வழிகிற இடம்). இதற்குப் பொருத்தமாகக் களப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். குளக்கட்டுக்குக் கரையோர மணல்திட்டு என்று ஒரு பிள்ளை உடனே சொன்னாள். துருசுக்கு ஒன்றும் இல்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வானுக்கு வந்தபோதுதான் சத்தம். கடைசி வாங்கில் இருந்த பெடியன், வட்டுவாகல் பக்கத்து ஆள், “முகத்துவாரம் சேர்” என்றான். மாரியில் களப்பு நிரம்பினால் மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும், சில வேளை ஆட்களே வெட்டிவிடுவார்கள். மிதமிஞ்சிய தண்ணீருக்கு ஒரு வாசல். வான் பாய்வதும் அதற்குத்தானே.

நான் “சரி, அப்ப முகத்துவாரம் களப்புக்கு வான்” என்று எழுதப் போனேன். அதே பெடியன் எழும்பி, “இல்லை சேர், வான் வெளியில மட்டும்தான் விடும். முகத்துவாரம் உள்ளயும் விடும். இறால்குஞ்சு கடலில இருந்து அதுக்காலதான் வாறது” என்றான். அவன் சொன்னது உயிரியல்படி முற்றிலும் சரி. அந்த இன இறால்கள் கடலில் முட்டையிடும், குஞ்சுகள் களப்புக்குள் வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். வாசல் அடைபட்டால் தொழிலும் படுத்துவிடும். குளத்துக்கு வான் திறக்காவிட்டால் கட்டு உடையும் என்பது ஆபத்து, களப்புக்கு வாசல் திறக்காவிட்டால் வெள்ளமும் வரும், இறாலும் இல்லாமல் போகும்.

“உப்பு / நல்ல தண்ணீர்” என்ற வேற்றுமைக்கும் “ஒருவழி / இருவழி” என்ற வேற்றுமைக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இரண்டாவது, வானையும் முகத்துவாரத்தையும் ஒன்று என்று முதலில் வைத்துப் பார்த்ததால் கிடைத்தது. உப்பும் அந்த வாசலால்தான் வருகிறது என்று பிறகு அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

யூன் 9

மேலே சொல்ல விட்டது: இரணைமடு வான் பாய்ந்த தண்ணீர் கனகராயன் ஆற்றோடு போய் விழுவதும் ஒரு களப்பில்தான், சுண்டிக்குளத்தில். இதை நான் சொன்னபோது வகுப்பில் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. அவர்கள் இன்னும் இறாலில் நின்றார்கள்.

யூன் 10

ஒரு நண்பர் “குளமும் களப்பும் என்றால் என்ன, களப்பும் குளமும் என்றால் என்ன, ஒழுங்கு மாறினால் ஒப்பீடு மாறுமா” என்று கேட்டிருக்கிறார். மாறும். இரணைமடு நிரம்பி நிற்கும்போது பார்க்க வருகிற எவரும் “கடல் மாதிரிக் கிடக்கு” என்பார். கடலுக்குப் போய் “இரணைமடு மாதிரி” என்று யாரும் சொன்னதில்லை. அமொஸ் ட்வேர்ஸ்கி என்ற உளவியலாளர் 1977இல் இதை எழுதியிருக்கிறார்: வட கொரியா சீனாவைப் போன்றது என்று சொல்ல ஆட்களுக்கு வாய் வரும், சீனா வட கொரியாவைப் போன்றது என்று வராது. பிரபலமானது அளவுகோலாகப் போய்விடுகிறது. வகுப்பில் இதற்குப் பயன் உண்டு. பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்ததை முதலில் நிறுத்தி, தெரியாததை அதனிடம் கொண்டுபோங்கள். பாடநூல் தலைகீழாகச் செய்தால் நீங்கள் அதைத் தலைகீழாக்குங்கள்.

யூன் 15

பாம்பு பற்றி. வெங்கிணாந்திக் குட்டியையும் (நஞ்சில்லாத மலைப்பாம்பு) கண்ணாடிப் புடையனையும் (கடும் நஞ்சுள்ளது) மாறிப் பிடித்த கதைகள் மேலே மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஒப்பீட்டுப் பாடத்துக்கு இதைவிட உயிரோட்டமான சோடி வன்னியில் இல்லை என்று ஒருவர் சொல்கிறார். நான் பாதி ஒத்துக்கொள்கிறேன்.

ஒற்றுமை: இரண்டும் தடித்த உடம்பு, கபில நிறம், முதுகு முழுக்கப் பெரிய புள்ளி. வேற்றுமை: புடையனின் புள்ளிகள் நீள்வட்டமாக, கரை போட்டதுபோல, சங்கிலி கோத்ததுபோல வரிசையாக இருக்கும். முதுகில் ஒன்று, விலாவில் பக்கத்துக்கு ஒன்று என மூன்று வரிசை. வெங்கிணாந்தியின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று ஓடிக் கலந்து கிடக்கும், தலையில் ஈட்டி முனை மாதிரி ஒரு அடையாளம் இருக்கும். படத்தில் வைத்துப் படிப்பிக்க அருமையான சோடி. நிறம் உதவாது, ஒழுங்குதான் உதவும் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

ஆனால் இந்தப் பாடம் படத்தோடு நிற்கவேண்டும். சூடடிக்கும் காலத்தில் வைக்கோலுக்குள் கிடக்கிறதைப் பார்த்து ‘வரிசையா, கலந்திருக்கா’ என்று குனிந்து பார்க்கிற பிள்ளையை நாங்கள் உருவாக்கக்கூடாது. வித்தியாசம் தெரியாவிட்டாலும் தள்ளி நில், தெரிந்தாலும் தள்ளி நில்.

2009இல் போர் முடிந்தபிறகு இங்கே பள்ளிக்கூடங்களில் நடந்த மிதிவெடி அபாயக் கல்வியில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே எந்த வெடி எந்த வகை என்று பிரித்தறியச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதன் முழுக் கருத்தும் பிரித்தறிய முயலாதே என்பதுதான். மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் நில், தெரியாத பொருளைத் தொடாதே, பெரியவர்களிடம் சொல். வேற்றுமை தேடுவது தப்பாகிற இடமும் உண்டு என்பதை இந்த இழையில் யாராவது எழுதியிருக்கவேண்டும், ஆகவே எழுதினேன்.

யூன் 21

“ஒரு சோடியில் கற்றதைப் பிள்ளை இன்னொன்றுக்குக் கொண்டுபோகுமா” என்ற கேள்விக்கு இப்போதுதான் நேரம் கிடைத்தது.

1980இல் கிக், ஹோலியோக் என்ற இரண்டு உளவியலாளர் ஒரு பழைய புதிரை எடுத்தார்கள். புதிரைப் போட்டவர் டுங்கர். வயிற்றில் கட்டி, கதிர் பாய்ச்சி அழிக்கவேண்டும், ஆனால் அழிக்கப் போதுமான பலத்தில் பாய்ச்சினால் வழியில் உள்ள நல்ல சதையும் அழியும். என்ன செய்யலாம்? விடை, பலம் குறைந்த கதிர்களைப் பல பக்கத்திலிருந்து கட்டியில் சந்திக்கும்படி அனுப்புவது. சும்மா கேட்டால் ஏறத்தாழ 10 வீதம் பேர்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் கோட்டையைப் பிடிக்கப் படையைச் சிறு சிறு பிரிவாகப் பல வீதியால் அனுப்பிய தளபதியின் கதையை வாசிக்கக் கொடுத்தால் 30 வீதம் அளவில். “அந்தக் கதை இதற்கு உதவும்” என்று ஒரு வார்த்தை சொன்னால் முக்கால்வாசிப் பேர். கதை கையில் இருந்தும் தானாக எடுக்கத் தோன்றவில்லை என்பதுதான் செய்தி. 1983இல் அவர்களே மேலும் செய்தார்கள்: ஒரே சூட்சுமம் உள்ள இரண்டு கதைகளைக் கொடுத்து, இரண்டும் எப்படி ஒத்திருக்கின்றன என்று எழுதச் சொன்னால், சொல்லிக்கொடுக்காமலே புதிரை அவிழ்ப்பவர்கள் கூடினார்கள்.

தளபதி ஏன் படையைப் பிரித்தார் தெரியுமா? மூலக் கதையில் வீதிகளில் கண்ணிவெடி, பெரிய படை போனால் வெடிக்கும், சிறு பிரிவு போகலாம். இந்தக் கதையைக் கிளிநொச்சிப் பிள்ளைகளுக்குப் புதிராகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் நானே வேறு இரண்டு செய்தேன். ஒன்று: கடைசி வயலுக்கு அவசரமாக நிறையத் தண்ணீர் வேண்டும், ஆனால் எந்த வாய்க்காலும் அவ்வளவு தாங்காது, கரை உடையும். எல்லா வாய்க்காலிலும் கொஞ்சம் கொஞ்சம் விட்டு அந்த வயலில் சேர்க்கிறார்கள். இரண்டு: வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற சனம் எல்லாம் ஒரே ஒழுங்கையால் போனால் நெரியும், பல ஒழுங்கையால் வந்து முற்றத்தில் சேருகிறார்கள். இரண்டையும் வாசித்து “இந்த இரண்டு கதையும் ஏன் ஒரே கதை?” என்று நாலு வரி எழுதச் சொன்னேன். “இரண்டிலும் ஆட்கள் கஷ்டப்படுகிறார்கள்” என்று எழுதியவர்களுக்குப் பிறகு கட்டிப் புதிர் அவிழவில்லை. “ஒரு வழி தாங்காதது பல வழி தாங்கும்” என்ற மாதிரி எழுதிய பிள்ளைகள் உடனே பிடித்தார்கள். என் வகுப்பை வைத்து ஆராய்ச்சி என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நாலு வரியைப் பார்த்தே யார் அவிழ்ப்பார் என்று சொல்லக்கூடியதாக இருந்தது.

யூன் 22

கணித ஆசிரியர் ஒருவர் “இதெல்லாம் விஞ்ஞானக்காரரின் விளையாட்டு” என்று போட்டிருக்கிறார். சேர், உங்கள் பாடத்தில்தான் இது அதிகம் வேலை செய்யும். கணக்குகளைச் சிறு அட்டைகளில் எழுதிக் கொடுத்து, விடை காணாமல், ‘ஒரே மாதிரிக் கணக்குகளை ஒன்றாக அடுக்கு’ என்று மட்டும் சொல்லுங்கள். 8 பேர் 6 நாளில் வெட்டி முடிக்கிற வயலை 12 பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? மணிக்கு 40 கிலோமீற்றரில் 3 மணித்தியாலம் ஓடுகிற பஸ் 60இல் ஓடினால் எவ்வளவு நேரம்? 2 ஏக்கருக்கு இவ்வளவு விதைநெல் என்றால் 5 ஏக்கருக்கு எவ்வளவு? பிள்ளைகள் முதலாவதையும் மூன்றாவதையும் ‘வயல் கணக்கு’ என்று ஒன்றாக வைப்பார்கள். முதலும் இரண்டும் நேர்மாறு விகிதசமன், பெருக்கம் மாறாது, ஒன்றில் 48, மற்றதில் 120. மூன்றாவது நேர்விகிதம்.

1981இல் சீ, பெல்ட்டோவிச், கிளேசர் ஆகிய மூவர் பௌதிகக் கணக்குகளை வைத்து இதையே பார்த்தார்கள். புதியவர்கள் சாய்தளக் கணக்கு, வில்சுருள் கணக்கு என்று படத்தைப் பார்த்து அடுக்கினார்கள். தேர்ந்தவர்கள் சக்திக் காப்பு, நியூட்டனின் விதி என்று அடுக்கினார்கள். அடுக்கிய விதத்தைப் பார்த்தாலே யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்று தெரிந்துவிடுகிறது, விடைத்தாள் திருத்தவே தேவையில்லை. (திருத்தாமல் விட்டால் அதிபர் விடமாட்டார் என்பது வேறு கதை.)

யூன் 24

கருத்தரங்கு ஒன்றில் “ஒற்றுமை வேற்றுமை படிப்பித்தால் பிள்ளையின் நிலை 45 சதமானம் உயரும்” (நூறு பேர் வரிசையில் 45 இடம்) என்று சொன்னார்களாம், உண்மையா என்று கேட்கிறார்கள். அந்த எண் மர்சானோ என்ற கல்வி ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2001இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து வருகிறது. ஒன்பது கற்பித்தல் உத்திகளில் இதை முதலாவதாக வைத்து, ஒப்பிடல், வகைப்படுத்தல், உருவகம், ஒப்புமை என நாலாகப் பிரித்தார்கள். பலவகை ஆய்வுகளின் சராசரி அது. பிறகு திருத்திப் பார்த்தபோது கணிசமாகக் குறைந்தது. உத்தி நல்லது. எண்ணைச் சுவரில் ஒட்டவேண்டாம்.

யூன் 30

தொடக்கத்தில் ‘அடிப்படை’ நிரலைப் பற்றிப் பெரிதாக எழுதினேன். அது எல்லாப் பூட்டுக்கும் திறப்பு இல்லை என்று இந்தக் கிழமை ஒரு இலை காட்டியது.

ஒருவித்திலை, இருவித்திலை. இலை ஒன்று கொண்டுவந்து, நரம்பைப் பார்த்து (சமாந்தரமாக ஓடினால் ஒருவித்திலை, வலைபோல் பின்னினால் இருவித்திலை) எந்த வகை என்று சொல்லவேண்டும். நெல், தென்னை, வாழை, முருங்கை, பாலை எல்லாம் வந்து ஒழுங்காகப் பிரிந்தன. ஒரு பிள்ளை இராசவள்ளி இலை கொண்டுவந்தாள். இதய வடிவம். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தோம். காம்பு சேருகிற இடத்திலிருந்து பெரிய நரம்புகள் வில்லாக வளைந்து நுனிக்குப் போகின்றன, அவற்றுக்கு நடுவில் நெருக்கமான வலை. வலையுருவென்றால் இருவித்திலை என்று வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. வள்ளி ஒருவித்திலைத் தாவரம்.

நல்ல அடிப்படையும் சில இடத்தில் கைவிடும். நான் என்ன செய்தேன் என்றால், வேர், பூ, வித்து என்று மற்ற அடிப்படைகளையும் பக்கத்தில் எழுதி, ஒன்று சறுக்கினால் மற்றவை என்ன சொல்கின்றன என்று பார்க்கச் சொன்னேன். சேம்பு இலையும் இப்படித்தான் ஏமாற்றும். ஒரு அடையாளத்தை நம்பாமல் கூட்டத்தை நம்பு என்பது விஞ்ஞானத்தில் வகைப்படுத்தலின் அரைவாசி. அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் கதாநாயகி, இலையைக் கொப்பிக்குள் வைத்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

யூலை 1

தொல்காப்பியத்தில் உவமைக்குச் சொன்ன வினை, பயன், மெய், உரு என்ற நாலையும் அடிப்படை நிரலுக்குப் போடலாமே என்று எழுதிய அக்காவுக்கு: போட்டேன், நன்றாக ஓடுகிறது. பிள்ளைகள் எப்போதும் உருவிலும் மெய்யிலும், அதாவது நிறத்திலும் வடிவத்திலும் தொடங்கி அங்கேயே நின்றுவிடுவார்கள். ‘வினை என்ன, பயன் என்ன’ என்று கேட்டால்தான் அடுத்த படி. “அது கவிதைக்குச் சொன்னது” என்று மேலே ஒருவர் ஆட்சேபித்திருக்கிறார். சரிதான், நாலு கேள்வி இலவசமாகக் கிடைத்தால் நான் விடுவேனா.

யூலை 6

ஆரம்பப் பிரிவுக்கு என்ன செய்வது என்று கேட்ட ரீச்சருக்கு. தரம் 3க்கு அட்டவணை வேண்டாம், நிரல் வேண்டாம். இது பாலைப்பழக் காலம். பாலையும் வீரையும் காட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை, இரண்டும் தின்கிற பழம். கிடைத்தால் இரண்டு கொப்பும் கொண்டுவரச் சொல்லுங்கள், பெரியவர்களோடு போய்த்தான். அந்தப் பழத்துக்குக் கரடியும் வரும். இலை நுனியைத் தொட்டுப் பார்க்கட்டும், பாலைக்கு நுனி உள்வாங்கி இருக்கும். காம்பை முறித்துப் பார்க்கட்டும், எதில் பால் வருகிறது? பழத்தின் நிறம், மஞ்சளா சிவப்பா? இந்த மூன்று கேள்விக்குப் பிறகு ‘இரண்டுக்கும் ஒன்றாக என்ன இருக்கு’ என்று கேளுங்கள், கடைசியாக. சின்னப் பிள்ளைகளுக்கு ஒற்றுமையை முதலில் கேட்டால் “இரண்டும் மரம்” என்று முடித்துவிட்டு ஓடிவிடுவார்கள். யூன் 2இல் நான் எழுதிய ஒழுங்கு பெரிய வகுப்புக்கு.

பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டும். தண்ணீர்ப் போத்தல் கட்டாயம், கையைக் கொப்பியில் துடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.